ஓக் காட்டுக் காளான்கள்: உண்பனவும் உயிர் கொல்வனவும்

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாத இறுதியில் குமாவோன், கட்வால் மலைகளை அடைகின்றது. அதன் பின் இரண்டு மூன்று வாரங்கள் கழிந்ததும், அம்மலைச் சரிவுகளிலுள்ள ஓக் காடுகளின் தரை புதியதொரு கோலம் கொள்கின்றது. உதிர்ந்து கிடக்கும் இலைச் சருகுகளை முட்டிக்கொண்டு மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு, வெண்மை எனப் பல நிறங்களில் காளான்கள் தலைகாட்டுகின்றன. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இவை அடுத்தடுத்து எழுவதும் அழுகி மறைவதுமாக இருக்கும். மலைவாழ் மக்களில் பலர் இவற்றைப் பறித்து வந்து கறி சமைத்து உண்கின்றனர். இவற்றுள் சில, ஐரோப்பியச் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகும் இனங்களுக்கு நெருங்கிய உறவுடையவை. வேறு சில, ஒரு வேளை உணவிலேயே ஒரு குடும்பத்தை அழித்துவிட வல்லவை. இவ்விரு வகையும் ஒரே மரத்தடியில், ஒரே வாரத்தில், அருகருகே முளைக்கக்கூடும் என்பதே ஓக் காட்டில் காளான் தேடுவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

ஓக் என்னும் சொல் தென்னாட்டார்க்குச் சிறிது மயக்கம் தரக்கூடியது. நீலகிரியிலும் ஏர்க்காட்டிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்டிருக்கும் 'சில்வர் ஓக்' ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம். பெயரளவில் மட்டுமே அது ஓக். மெய்யான ஓக் இனங்கள் தீபகற்ப இந்தியாவின் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. அவற்றின் தாயகம் இமயமலையும் வடகிழக்கு மலைகளுமே. மேற்கு இமயத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் முதல் 2,300 மீட்டர் வரை 'பாஞ்ச்' எனப்படும் ஓக் பரவியுள்ளது. ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் இம்மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் வெண்மயிர் படர்ந்திருக்கும். அதற்கு மேலே 'மோரு' ஓக்கும், 2,400 மீட்டருக்கு மேல் 'கர்சு' ஓக்கும் ஆட்சி செலுத்துகின்றன. முசூரி, நைனிடால், சக்ராதா, பின்சர் ஆகிய இடங்களுக்குச் சென்றவர்கள் இக்காடுகளின் ஈரமும் இருளும் கலந்த குளிர்ச்சியை அறிவர்.

வேரும் பூசணமும்

காளான் என்று கண்ணுக்குத் தென்படுவது ஒரு முழு உயிரன்று. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படியே மண்ணுக்குள் மறைந்திருக்கும் பூசணத்துக்குக் காளான். அப்பூசணத்தின் உடல், நூலினும் மெல்லிய இழைகளாகச் சருகுக்கும் மண்ணுக்கும் ஊடே பின்னிக் கிடக்கின்றது. ஓக் காட்டில் இவ்விழைகளில் பல மரத்தின் நுனிவேர்களைத் தேடிச் சென்று அவற்றின்மேல் உறைபோலச் சுற்றிக்கொள்கின்றன. வேரின் வெளிப்புற உயிரணுக்களுக்கு இடையிலும் நுழைகின்றன. இவ்வாறு சூழப்பட்ட வேர், வேர்த்தூவிகளை இழந்து, தடித்துக் குட்டையாகிக் கிளைத்துக் காணப்படும்.

இதனை நோய் என்று கருதுவது இயல்பே. ஆனால் ஜெர்மானியத் தாவர இயல் அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் 1885-ஆம் ஆண்டில் இது நோயன்று, இரு தரப்பினருக்கும் ஆதாயமளிக்கும் கூட்டு வாழ்க்கை என்று அறிவித்து, அதற்கு 'மைக்கோரைசா', அதாவது பூசண வேர், என்று பெயரிட்டார். பிரஷ்ய அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்திருந்த பணி உண்மையில் வேறு. டிரஃபிள் எனப்படும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி உண்டா என்று கண்டறியுமாறே அவரைப் பணித்திருந்தனர். பயிரிடும் வழி அப்போது கிட்டவில்லை. அதனினும் பெரிய உண்மை கிட்டியது. மண்ணிலுள்ள நீரையும் பாஸ்பரம், நைட்ரஜன் உப்புக்களையும் பூசண இழைகள் திரட்டி மரத்துக்கு ஊட்டுகின்றன. மரம் தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பகுதியைப் பூசணத்துக்கு அளிக்கின்றது. ஏழை மண்ணில் வளரும் மலைக்காட்டு மரங்களுக்கு இவ்வுதவி இன்றியமையாதது.

காளான் தேடுவோர்க்கு இவ்வுண்மையால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, மரத்தை அறிந்தால் காளானைப் பாதி அறிந்தவாறாகும். ஓக்குடன் கூடி வாழும் பூசணம் ஓக் இல்லாத வயல்வெளியில் எழுவதில்லை. இரண்டாவது, இக்காளான்களை வைக்கோற்காளானைப் போலவோ பொத்தான் காளானைப் போலவோ கொட்டகையில் வளர்த்து விற்பது எளிதன்று. வைக்கோற்காளானின் சாகுபடி முறை கோயம்புத்தூரில் 1943-ஆம் ஆண்டளவிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள சோலன் நகரத்துக் காளான் ஆராய்ச்சி நிலையம் பலவகைக் காளான்களின் வளர்ப்பைப் பரப்பி வருகின்றது. அவையெல்லாம் மட்கும் பொருளைத் தின்று வாழ்பவை. உயிருள்ள வேரின்றி வாழாத ஓக் காட்டுக் காளானை வேண்டுவோர் இன்றும் காட்டுக்கே செல்ல வேண்டியுள்ளது.

உண்ணத்தக்கவை

ஓக் காட்டு உணவுக் காளான்களில் முதலிடம் பெறுவது காந்தரெல்லஸ் இனம். ஐரோப்பாவில் ஷாந்தரேல் என்று புகழ்பெற்ற காளானும் அதன் இமயமலை உறவினங்களும் இதில் அடங்கும். முட்டையின் மஞ்சட்கரு நிறம். விளிம்பு அலையலையாக நெளிந்து, முதிர்ந்தபின் நடுவில் குழிந்து புனல்போல் ஆகும். கிள்ளினால் உட்சதை வெளிறிக் கெட்டியாக இருக்கும். சர்க்கரைப் பாதாமி எனப்படும் ஆப்ரிகாட் பழத்தின் மணம் மெல்ல வீசும். இவற்றைவிட முக்கியமான அடையாளம் குடையின் அடிப்புறத்தில் உள்ளது. சாதாரணக் காளான்களில் அங்கே தாள்போன்ற செவுள்கள் தனித்தனியே தொங்கும். விரல் நகத்தால் அவற்றைப் பிரித்தெடுக்கலாம். ஷாந்தரேலில் அவை செவுள்களே அல்ல. சதையே மடிந்து எழுந்த வரம்புகள் அவை. கவடு கவடாகக் கிளைத்து, ஒன்றோடொன்று குறுக்கே இணைந்து, காம்பின்மேல் கீழ்நோக்கி இறங்கி ஓடும். பிரித்தெடுக்க முயன்றால் சதையும் உடன் வரும்.

இவ்வளவு தெளிவான அடையாளங்கள் இருந்தும் ஷாந்தரேலைத் தேடிப்போய் நஞ்சைக் கொணர்ந்தவர்கள் உண்டு. ஓம்பலோட்டஸ் என்னும் செம்மஞ்சள் காளான் கொத்துக் கொத்தாக மரக்கட்டையிலோ மண்ணில் புதைந்த வேரிலோ முளைக்கும். அதன் செவுள்கள் உண்மையான செவுள்கள். புதியதாயின் இருளில் மங்கலாக ஒளிரும். இதனை உண்டவர்க்குக் கடும் வாந்தி ஏற்படும், உயிர்ச்சேதம் அரிது. கார்ட்டினேரியஸ் இனத்தைச் சேர்ந்த சில செம்பழுப்புக் காளான்களின் கதை வேறு. 1952-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இத்தகைய காளானை உண்டு நோயுற்றனர், பலர் இறந்தனர். உண்ட நாளன்றோ மறுநாளோ யாதொரு குறியும் தோன்றவில்லை. சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னரே சிறுநீரகம் பழுதுற்றது. தாங்கள் உண்ட காளானையே அதற்குள் மறந்துவிட்டவர்கள் நோயின் காரணத்தை எவ்வாறு ஊகிக்க முடியும்?

செவுளுக்குப் பதிலாகக் குடையின் அடியில் கடற்பஞ்சு போன்ற சிறு துளைகளையுடையவை போலிட்டஸ் வகைகள். இவற்றில் போலிட்டஸ் எடுலிஸ் என்பதும் அதன் நெருங்கிய உறவினங்களும் பெயர்பெற்ற உணவுகள். பருத்த காம்பு, அதன் மேற்பகுதியில் வெண்மையான வலைப்பின்னல், இளமையில் வெண்மையாயிருந்து பின்னர் மஞ்சளாக மாறும் துளைப்பரப்பு, வெட்டினாலும் நிறம் மாறாத வெண்சதை ஆகியவை இதனைக் காட்டிக்கொடுக்கும். துளைகள் சிவந்திருப்பதையும், வெட்டினால் நீலம் பாய்வதையும் விலக்கிவிடுமாறு அனுபவசாலிகள் கூறுவர். நீலம் பாயும் எல்லாமே நஞ்சல்ல. ஆயினும் புதியவர்க்கு இவ்விதியால் இழப்பு அற்பம், காப்பு அதிகம். இக்காளானுக்கு மனிதனைவிட விரைந்த போட்டியாளர்கள் புழுக்களே. ஆகையால் பறித்தவுடன் நீளவாக்கில் பிளந்து பார்ப்பது வழக்கம்.

குடையின் அடியில் முட்கள் தொங்கும் ஹிட்னம், மரத்தண்டிலிருந்து அடுக்கடுக்காகக் கந்தக மஞ்சள் நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லேட்டிபோரஸ் ஆகியவையும் ஓக் காடுகளில் கிடைக்கும். பின்னது மரத்தின் உட்கட்டையைச் சிதைக்கும் நோய்ப்பூசணம். இளந்தளிர்ப் பகுதியை நன்கு வேகவைத்து உண்பர். சிலருக்கு அது ஒவ்வாது. 'குச்சி' என்று இந்தியில் வழங்குவது மரக்குச்சியன்று. தேன்கூடு போன்ற தலையையுடைய மார்ச்செல்லா என்னும் காளான். மிக உயர்ந்த விலையுடைய அது பனி உருகும் இளவேனிற் காலத்தில், பெரும்பாலும் ஊசியிலைக் காடுகளை ஒட்டி எழுவதாகையால் மழைக்கால ஓக் காட்டுக் கூடையில் அதற்கு இடமில்லை.

எஞ்சியிருப்பது அமனிட்டா. செம்மஞ்சள் குடையும், விளிம்பில் சீப்புப் பற்கள்போன்ற கோடுகளும், மஞ்சள் செவுள்களும், மஞ்சள் காம்பும், அடியில் பைபோன்ற வெள்ளை உறையும் கொண்ட அமனிட்டா ஹெமிபாஃபா இமயமலை மக்கள் விரும்பி உண்பதொன்று. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் பெயரால் வழங்கும் ஐரோப்பியச் சீசர் காளானுக்கு இது உடன்பிறப்பு எனலாம். காளான் உலகில் மிகக் கொடிய நஞ்சுடையவையும் இதே அமனிட்டா இனத்தில்தான் உள்ளன. மழையில் நிறம் வெளுத்துப்போன ஒன்றை, அல்லது இன்னும் உறை கிழியாமல் முட்டை வடிவில் உள்ள ஒன்றை, எந்த அமனிட்டா என்று பார்வையால் உறுதி செய்வது தேர்ந்தவர்க்கும் அரிது. உள்ளூரார் உண்கிறார்கள் என்னும் ஒரே காரணத்துக்காகப் புதியவர் இதனைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

நஞ்சு செயற்படும் விதம்

மரணத் தொப்பி என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் அமனிட்டா பாலாய்டிஸ் ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்டது; ஓக் முதலிய மரங்களின் வேர்களோடு கப்பலேறி வேறு கண்டங்களுக்கும் சென்றுவிட்டது. அதன் வெண்ணிற உறவினங்கள் ஆசியாவின் மலைக்காடுகளிலும் உள்ளன. இவற்றின் நஞ்சுகளில் முதன்மையானது ஆல்ஃபா அமனிட்டின். எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோக்கப்பட்ட சிறிய கட்டமைப்பு அது. கொதிக்க வைப்பதாலோ, உலர்த்துவதாலோ, ஊறுகாய் போடுவதாலோ, நீரை வடித்துக் கொட்டுவதாலோ அது அழிவதில்லை. நடுத்தர எடையுள்ள ஒருவரைக் கொல்ல 5 முதல் 7 மில்லிகிராம் போதும்; ஒரே காளானில் இவ்வளவு இருக்கக்கூடும். உயிரணுவின் உட்கருவில் புரதம் ஆக்குவதற்கான கட்டளையை எழுதும் என்ஸைம் ஒன்றை இந்நஞ்சு பிடித்து நிறுத்திவிடுகின்றது. கட்டளை நின்றால் புரதம் இல்லை. புரதம் நின்றால் உயிரணு மடிகின்றது. ஓயாமல் புரதம் ஆக்கிக்கொண்டிருக்கும் ஈரலே இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றது.

இதன் கொடுமை அதன் காலக்கணக்கில் உள்ளது. உண்டபின் 6 மணி முதல் 12 மணி நேரம் வரை, சில சமயம் அதற்கும் மேலாக, ஒன்றும் தெரியாது. உணவு சுவையாகவே இருந்ததென்று பிழைத்தவர்கள் கூறியுள்ளனர். பின்னர் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாளில் அவை தணியும். நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் மகிழ்வர். அந்த நாட்களில்தான் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். மூன்றாவது நான்காவது நாளில் மஞ்சட்காமாலையும் மயக்கமும் கண்டபின் மருத்துவர் செய்யக்கூடியது குறைவு. பித்தநீரோடு குடலுக்கு வரும் நஞ்சு மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்புவதால் சுற்றுச் சுற்றாகத் தீங்கு தொடரும். முழுமையான மாற்று மருந்து எதுவும் இல்லை. பால்நெருஞ்சில் என்னும் செடியிலிருந்து எடுக்கப்படும் சிலிபினின் மருத்துவமனைகளில் கையாளப்படுகின்றது. முற்றிய நிலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சையே கதி.

2020 ஏப்ரலில் மேகாலயாவின் மேற்கு ஜைந்தியா மலை மாவட்டத்தில் ஒரே கிராமத்தைச் சேர்ந்த ஆறு பேர் காட்டுக் காளானை உண்டு இறந்தனர். 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் அவ்வாறு இறந்தோர் 13 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்த ஏழை மக்கள். காளானைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள்தாம் இவ்வாறு மடிகின்றனர் என்று எண்ணுவது தவறு. ஓர் இடத்துக் காளானை நன்கு அறிந்தவர் இடம் பெயரும்போது அந்த அறிவே பகையாகிவிடுகின்றது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஐரோப்பிய ஓக் மரங்களை நட்டிருக்கின்றனர். அவற்றினடியில் மரணத் தொப்பியும் முளைக்கின்றது. 2011 டிசம்பர் 31 இரவு அங்கே இக்காளானை உண்டவர்களுள் இருவர் சில நாட்களில் மாண்டனர். ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர் இதனைத் தம் ஊர் வைக்கோற்காளான் என மயங்கிப் பறித்த நிகழ்ச்சிகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. இரண்டும் இளமையில் உறை பொதிந்த முட்டை. இரண்டுக்கும் அடியில் உறைக்கிண்ணம் உண்டு. தமிழ்நாட்டில் மழைக்குப்பின் புற்றிலெழும் காளானைப் பறித்துப் பழகிய கண்ணும் இமயமலைக் காட்டில் இவ்வாறே ஏமாறக்கூடும்.

கல்வியும் செல்வாக்கும் இந்நஞ்சின்முன் பயன்படுவதில்லை. 1767-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இசைப்புலவர் யோஹான் ஷோபெர்ட் தாம் பறித்த காளான்கள் நல்லவையே என்று பிடிவாதமாகச் சமைத்து உண்டு, மனைவியோடும் குழந்தையோடும் விருந்தினரோடும் மாண்டார்.

பொய்ச் சோதனைகளும் மெய்ச் சோதனைகளும்

சமைக்கும்போது வெள்ளி நாணயத்தைப் போட்டால் விஷக்காளான் அதனைக் கறுக்கச் செய்யும் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உண்டு. வெள்ளியைக் கறுக்கச் செய்பவை சில கந்தகச் சேர்க்கைகள்; கோழிமுட்டையும் அதைச் செய்யும்; அமனிட்டின் செய்வதில்லை. பூச்சியும் நத்தையும் தின்றது மனிதனுக்கும் ஏற்கும் என்பதும் பிழை. அமனிட்டாவைத் தின்று கொழுக்கும் நத்தைகள் உண்டு. மரக்கட்டையில் முளைப்பது நல்லது, வெண்மையானது நல்லது, குடையின் தோல் எளிதில் உரிந்தால் நல்லது என்பன போன்ற விதிகளும் அப்படியே. வெண்மையும், உரியும் தோலும், இனிய தோற்றமும் கொலைக்காளான்களுக்கும் உள்ளன. எல்லாக் காளானுக்கும் பொருந்தும் ஒரே சோதனை என்பது கிடையாது. ஒவ்வோர் இனத்தையும் அதனதன் அடையாளங்களின் தொகுதியால் தனித்தனியே அறிவதொன்றே வழி.

அதற்குக் காளானைக் கத்தியால் தரைமட்டத்தில் அறுக்காமல், அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். அமனிட்டாவின் முதன்மையான அடையாளமாகிய உறைக்கிண்ணம் மண்ணுக்குள் இருப்பது. அறுத்தவர் அதனைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகின்றார். காம்பில் வளையம் உண்டா, செவுள்கள் காம்பைத் தொடுகின்றனவா, அவற்றின் நிறம் என்ன, அருகிலுள்ள மரம் எது, தனியாக முளைத்ததா கொத்தாகவா என்பவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கருவிகள் ஏதுமின்றி வீட்டில் செய்யக்கூடிய சிறந்த சோதனை வித்துத்தூள் படிவம். காம்பை நீக்கி, குடையைச் செவுள் கீழாகக் காகிதத்தின்மேல் வைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரால் மூடி இரவு முழுவதும் விட வேண்டும். காகிதத்தில் பாதி வெண்மையாகவும் பாதி கறுப்பாகவும் இருத்தல் நலம். இல்லையேல் வெண்தூள் வெண்காகிதத்தில் தெரியாது. காலையில் குடையை எடுத்தால் செவுள்களின் அமைப்பு அப்படியே தூளில் வரையப்பட்டிருக்கும். வைக்கோற்காளானின் தூள் இளஞ்சிவப்பு. மரணத் தொப்பியின் தூள் வெண்மை. கார்ட்டினேரியஸ் துருநிறத் தூளை உதிர்க்கும். பொத்தான் காளானின் உறவினங்கள் சாக்லேட் நிறத்தைத் தரும். சில பிழைகளை இச்சோதனை தடுக்குமேயன்றி, வெண்தூளையுடைய நல்ல காளானையும் கெட்டதையும் இது ஒன்றே பிரித்துக்காட்டிவிடாது.

நூலிலுள்ள படத்தையோ கைபேசியில் வரும் படத்தையோ ஒப்பிட்டுப் பார்த்து உண்பது எவ்வகையிலும் தகாது. மலைக்கிராமங்களில் தாயிடமிருந்து மகள் கற்கும் முறையே இன்னும் நம்பத்தக்கது. அம்முறையில் ஒரு பருவத்தில் ஓரிரு இனங்களே பழக்கப்படுத்தப்படுகின்றன. ஐயத்துக்குரியது கூடையில் ஏறுவதேயில்லை. நல்லவற்றோடு சந்தேகமான ஒன்றை ஒரே கூடையில் இட்டால் உடைந்த துண்டுகள் கலந்துவிடும். நல்ல இனமாயினும் பச்சையாக உண்ணலாகாது. காளானின் உயிரணுச் சுவர் பூச்சிகளின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளால் ஆனது. வேகாமல் அது எளிதில் செரிக்காது. புதிய காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரே என்பதால், அதனை இறைச்சிக்கு ஈடான புரத உணவு என்று போற்றுவதும் மிகை.

ஐயம் ஏற்பட்டவுடன், வாந்தி நின்றுவிட்டதென்று காத்திராமல், உண்டவர் அனைவரையும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சமைக்காத காளான் மிச்சமிருந்தால் காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவி. உண்ட நேரத்தையும் முதல் வாந்தி கண்ட நேரத்தையும் குறித்துச் சொல்வது அதைவிடப் பெரிய உதவி. உண்ட ஆறு மணி நேரத்துக்குப் பின் நோய் தொடங்கிற்று என்னும் ஒரு குறிப்பே மருத்துவரை ஈரலின்பால் கவனம் செலுத்தச் செய்யும்.

காட்டின் நிலை

காளானைப் பறிப்பதால் காடு கெடுவதில்லை. சருகைக் கிளறி மண்ணிலுள்ள இழைகளைச் சிதைக்காதவரை அது பழத்தைப் பறிப்பது போன்றதே. ஓக் காட்டுக்கு வரும் துன்பம் வேறு திசையிலிருந்து வருகின்றது. பாஞ்ச் ஓக்கின் இலை கால்நடைகளுக்குத் தீவனம், கிளை விறகு, சருகு தொழுவத்தில் பரப்பப்பட்டுப் பின்னர் வயலுக்கு எருவாகின்றது. மலை உழவனுக்கு இம்மூன்றும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் கிளை கழிக்கப்பட்ட மரம், வேரிலுள்ள பூசணத்துக்குக் கொடுக்கும் சர்க்கரையும் குறைகின்றது. சருகு வாரப்பட்ட தரை விரைவில் உலர்கின்றது. ஓக் நலிந்த சரிவுகளில், தீயையும் வறட்சியையும் தாங்கும் சீர் பைன் மேலேறி வருகின்றது. பைன் மரத்துக்கும் வேர்ப்பூசணங்கள் உண்டு. அவற்றின் கூட்டம் வேறு. பாஞ்ச் மறைந்து பைன் நிறைந்த சரிவில், முன்னர் எந்த மரத்தடியில் எந்த வாரத்தில் எது எழும் என்று அறிந்திருந்த பெண்களின் அறிவு பயன்படுவதில்லை.